பச்சை செத்த தொட்டி

காலை எட்டு மணிக்குப் போலீஸ் இன்ஸ்பெக்டர் கழிவுநீர் நிலையத்துக்கு வந்து சேர்ந்தபோது பெரிய தொட்டி செத்துக் கிடந்தது. முந்தின நாள் வரை பச்சைப்பசேலென்று இருந்த நீர், டீத்தூள் நிறமாகி நாறியது. ஊரின் கழிவுநீரைத் தின்று சுத்தம் செய்யும் பாசி மொத்தமும் போய்விட்டது.

"விஷம் வச்சுட்டான் மேடம்," என்றார் மேனேஜர். "பம்ப்காரன் ரூம்ல காலி பிளீச்சிங் கேன் கிடக்கு. போன வாரம் லீவு தரலைன்னு என்கிட்ட மல்லுக்கு நின்னான்."

பம்ப்காரர் தொட்டிக்கு எதிரேயிருந்த செக்யூரிட்டி அறை பெஞ்சில் காவலில் உட்கார்ந்திருந்தார். "அது கக்கூஸ் கழுவினது மேடம். எங்க வீட்டு மாட்டையே நான் அதட்ட மாட்டேன். பாசிக்கா விஷம் வைப்பேன்?"

"ஜெயிலுக்குப் போனா மாடு தானா பால் கறந்துக்கட்டும்," என்றார் மேனேஜர்.

இன்ஸ்பெக்டரின் தங்கைதான் இந்தப் பாசியை வளர்த்த ஆராய்ச்சியாளர். முதலில் குடுவையில், பிறகு வெளிர் பிளாஸ்டிக் டிரம்மில், கடைசியாகத் தொட்டியில். அழுது சிவந்த கண்களோடு, தொட்டியருகே குடுவை வைத்த மேசைக்குப் பின்னால் நின்றிருந்தாள். குடுவையும் டிரம்மும் இன்னும் பளிச்சென்ற பச்சை.

இன்ஸ்பெக்டர் தொட்டி ஓரம் குத்துக்காலிட்டார். நீர் விளிம்பை ஒட்டிச் சுவரில் கையகலத்துக்குப் பாசி படிந்திருந்தது. நகத்தால் சுரண்டினார். உயிருள்ள பச்சை. ஒரு கழியை உள்ளே விட்டார். இடுப்பளவு ஆழம். சுவரில் முழங்கால் உயரத்தில் பழைய நீர்மட்டத்தின் வெள்ளைக் கோடு, டார்ச் அடித்ததும் தண்ணீருக்குள் மங்கலாகத் தெரிந்தது.



"விஷம்னா விளிம்புப் பாசியும் செத்திருக்கணும்," என்றார் மேனேஜரிடம். "வெளிச்சம் பட்ட இடம் பிழைச்சிருக்கு. இருட்டுல இருந்தது செத்திருக்கு. தண்ணியை இவ்வளவு ஏத்தினது யாரு?"

மேனேஜர் மேசைப் பக்கம் திரும்பினார்.

"நான்தான்க்கா," என்றாள் தங்கை. "குடுவையில ரெண்டு மடங்கு ஊத்தினேன், செழிச்சுது. டிரம்லயும் செழிச்சுது. அதான் தொட்டியிலயும்..."

"குடுவைக்கு நாலு பக்கமும் வெளிச்சம். டிரம்முக்கும் பக்கவாட்டுல வருது. தொட்டிக்கு மேலே மட்டும்தானேடி?"

"காலையில நிறத்தைப் பார்த்ததுமே புரிஞ்சுபோச்சு."

"புரிஞ்சுமா அந்த மனுஷனைப் பெஞ்சுல உட்கார விட்டே?"

இன்ஸ்பெக்டருக்கு அவளை அறையவும் தோன்றியது, அணைக்கவும் தோன்றியது. இரண்டும் செய்யாமல் பம்ப்காரரிடம் போனார்.

"நீங்க போகலாம்ண்ணே. உங்க மேல ஒண்ணுமில்லை."

"அப்போ கேஸ் யார் மேல மேடம்?"

"யார் மேலயும் இல்லை. கணக்குத் தப்பினதுக்குச் சட்டத்துல பிரிவு கிடையாது."

பம்ப்காரர் துண்டை உதறித் தோளில் போட்டார். அதற்குள் குழாய் வழியே காலைக் கழிவுநீர் இரைச்சலோடு வந்து விழுந்தது. ஊரே குளித்துக்கொண்டிருந்தது, நிறுத்தச் சொல்ல யாராலும் முடியாது. குடுவையிலிருந்து மறுபடி தொட்டியை நிரப்ப மாதங்கள் ஆகும் என்றாள் தங்கை, யாரும் கேட்காமலே.

"தொட்டி வழியுது," என்றார் மேனேஜர், எவர் முகத்தையும் பார்க்காமல். "ஆத்து மதகைத் திறந்து அப்படியே ஆத்துல விட்டாகணும். ஏம்ப்பா, உன் வேலைதானே?"

பம்ப்காரர் சாவியை எடுத்துக்கொண்டு நடந்தார். பாதி வழியில் நின்று சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார்.

"ஒரு நிமிஷம் மேடம். எங்க வீடு ஆத்துல கீழ்ப்பக்கம். இருக்கற குடத்துல எல்லாம் தண்ணி பிடிச்சு வச்சுக்கச் சொல்லிட்டுத் திறக்கறேன்."