வண்டி தள்ளுகிறவன்

அந்தக் காரைக் கிளப்ப இரண்டு ஆள் வேண்டும். பனிக்காலத்தில் சாவியைத் திருப்பினால் ஒரு முனகல் வரும், அவ்வளவுதான். ஒருவர் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு இரண்டாம் கியரில் கிளட்சை மிதித்தபடி உட்கார வேண்டும். இன்னொருவர் பின்னால் நின்று மூச்சு முட்டத் தள்ள வேண்டும். வேகம் பிடித்ததும் கிளட்சை விட்டால் இருமி, புகை கக்கி, ஒருவழியாக உயிர் வரும். கல்யாணமான நாளிலிருந்து மனைவி உள்ளே, அவன் வெளியே. ஆகவே கால் முறிந்து பின்னறைக் கட்டிலில் கிடந்தவன், விடிவதற்கு முன் அந்தக் கார் கிளம்பிப் போகும் சத்தத்தைக் கேட்டபோது சந்தோஷப்படவில்லை. யார் தள்ளியது என்றுதான் யோசித்தான்.

அவன் தச்சன். அவள் வயல்களுக்கு அந்தப் பக்கம் இருந்த சுகாதார நிலையத்தில் நர்ஸ். உறைபனியில் பூட்ஸ் வழுக்கி, இதே காரைத் தள்ளும்போதுதான் விழுந்தான். முழங்கால்வரை மாவுக்கட்டு. பக்கத்து வீடு என்று ஒன்று கூப்பிடு தூரத்தில் கிடையாது. சாயங்காலம் அவள் தட்டோடு வந்ததும் கேட்டான்.

"காலையில வண்டிய யாரு தள்ளுனா?"

"யாரு தள்ளணும்? சரிவுல தானா உருளுது."

"நம்ம வாசல்ல ஏது சரிவு? கோலிக்குண்டு வெச்சாக்கூட நகராதே!"

"படுத்தே கிடந்தா இப்படித்தான் ஏதாவது தோணும். சாப்பிடுங்க."

சிரித்துக்கொண்டே போனாள். அந்தச் சிரிப்புத்தான் அவனைச் சுட்டது. அவன் விழுந்த நாளிலிருந்து அவள் சிரித்ததில்லை. இப்போது எங்கிருந்து வருகிறது? நெருப்பில்லாமல் புகையுமா? மெயின் ரோட்டில் மெக்கானிக் ஒருவன் இருந்தான், ஊருக்கே அவன் 'ஸ்பேனர்'. பானட்டைத் திறந்தால் மூடவே மாட்டான், அவளிடம் பேசிக்கொண்டே இருப்பான். அவன்தான். வேறு யார்? அவனுடைய எண்ணெய்க் கைகள் தன் காரின் பின்புறத்தில் பதிவதை நினைத்து ராத்திரி முழுக்க வயிறெரிந்து கிடந்தான்.

மறுநாள் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தான். கெட்டில் கொதித்து அடங்கியது. அவளுடைய சோப்பு வாசனை நடை வழியாக வந்து கதவிடுக்கில் நின்றது. கார்க் கதவு இழுத்துச் சாத்தப்பட்டது. அப்புறம் சரளைக் கல்லில் கனமான பூட்ஸ் காலடி, டயர்கள் மெல்ல நகரும் நெறுநெறுப்பு, ஓர் ஆணின் மூச்சு 'ம்ம்… ஹா' என்று மறுபடி மறுபடி வந்தது. எஞ்சின் பிடித்தது. பெட்ரோல் புகை ஜன்னல் சந்தில் கசிந்தது. கார் வளைவில் திரும்பி, சத்தம் தேய்ந்து போயிற்று.

காலடிகள் திரும்பி வந்தன.

வாசல் கேட்டுக்குப் போகவில்லை. வீட்டுக்கு வந்தன. முன்கதவின் தாழ்ப்பாள் தூக்கப்பட்டது. முன்னறையில் யாரோ உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றினார்கள். ஒன்று. சற்றுப் பொறுத்து இன்னொன்று.

"யாருடா அது?"

தாங்குகட்டையை அக்குளில் கொடுத்துக்கொண்டு, சுவரைப் பிடித்துப் பிடித்துப் போய்ப் பார்த்தான். முன்னறை காலி. சமையலறை காலி. ஜன்னல்கள் எல்லாம் உள்பக்கம் கொக்கி போட்டபடி. கதவோரம் ஒரு ஜோடி பூட்ஸ் நின்றது. அவனுடையதுதான். விழுந்த நாளுக்குப் பிறகு அவன் தொடாத பூட்ஸ். அடியில் ஒட்டியிருந்த பனி உருகித் தரையில் ஓடிக்கொண்டிருந்தது.

முதலில் வந்தது கோபம்தான். என் பூட்ஸையா போட்டுக்கொள்கிறான் அந்த நாய்! பயம் அப்புறம்தான் வந்தது. உள்ளே வந்தவன் எந்த வழியாகப் போனான்? குனிந்து பூட்ஸுக்குள் கையை விட்டுப் பார்த்தான். உள்ளே கதகதப்பாக இருந்தது.

அவளிடம் அதைச் சொல்லவில்லை. சொன்னால், அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று கேலி செய்வாள். அவளும் அதிகம் வருவதில்லை இப்போது. தட்டு நேரம் தவறி வந்தது. ஒருநாள் வரவேயில்லை. வாசலில் அவளும் பால்காரம்மாவும் பேசிக்கொண்டிருந்தது மட்டும் காதில் விழுந்தது.

"என்னம்மா, இப்பல்லாம் வண்டி டாண்ணு கிளம்புது போல?"

"அவருதான் தள்ளுறாரே. கால் நல்லாயிடுச்சுக்கா."

"அதானே பார்த்தேன், மூஞ்சியில ஒரே வெளிச்சம்!"

இரண்டு பேரும் சிரித்தார்கள். மாவுக்கட்டுக் காலைப் பார்த்தபடி அவன் பல்லைக் கடித்தான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறாளே! கத்தினான். சுவரில் குத்தினான். யாரும் வரவில்லை. சாயங்காலம் சமையலறையில் தட்டுகள் வைக்கும் சத்தம் கேட்டது. இரண்டு தட்டு. அவளுடைய குரலுக்கு நடுவே தாழ்ந்த குரலில் யாரோ ஏதோ சொல்ல, அவள் "சும்மா இருங்க" என்றாள். அந்தச் 'சும்மா இருங்க'வை அவனுக்குத் தெரியும். அவனிடம் மட்டுமே சொல்வாள். தலையணையைக் கடித்துக்கொண்டு அழுதான்.

விடியும் நேரம் ஜன்னல் கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தான். வயல் முழுக்க வெளுத்துக் கிடந்தது. காருக்குப் பின்னால் ஒரு முதுகு. அவள் பின்னிக் கொடுத்த பழுப்பு ஸ்வெட்டர். முகம் தெரியவில்லை. ஸ்பேனர் குள்ளம். இவன் உயரம். எஞ்சின் பிடித்ததும் அந்த ஆள் திரும்பி வரவில்லை. ஓடுகிற காரின் முன்கதவைத் திறந்து அவள் பக்கத்தில் ஏறிக்கொண்டான். கதவு சாத்திய சத்தம் அவன் நெஞ்சில் அறைந்தது.

இன்றைக்கு விடுவதில்லை. தன் சுத்தியலை எடுத்துக்கொண்டு முன்னறைக்கு வந்தான். தன் நாற்காலியில் உட்கார்ந்தான். என் வீடு. என் நாற்காலி. என் பொண்டாட்டி. வரட்டும் இரண்டு பேரும். அடுப்பு மூட்ட ஆளில்லாமல் வீடு சில்லிட்டுக் கிடந்தது. வெளிச்சம் சீக்கிரமே வடிந்துவிட்டது.

கார் வந்தது. ஒரு கதவு. இன்னொரு கதவு.

"ஐயோ, கை ஐஸா இருக்கு. குடுங்க, தேச்சு விடறேன்."

அவனால் தாங்க முடியவில்லை. தாங்குகட்டையால் தரையில் ஓங்கி அடித்தான். "ஏய்!"

வெளியே காலடிகள் நின்றன.

"ஏங்க…" அவள் குரலைத் தாழ்த்தினாள். "உள்ள யாரோ இருக்காங்க."

"நீ வண்டியிலயே இரு. நான் பாக்குறேன்."

அது நாற்காலியில் இருந்தவனுடைய சொந்தக் குரல்.

தாழ்ப்பாள் எழும்பியது. கதவு திறந்தது. இருட்டில் ஒரு கை உள்ளே நீண்டு, தடவாமல், தேடாமல், நேராக ஸ்விட்சில் போய் நின்றது. விளக்கு எரிந்தது. சுத்தியலைத் தூக்கப் பார்த்தான். கை எழவில்லை.

வாசலில் நின்றவன் அவன் கண்களை நேராகப் பார்த்தான். நிதானமாக, வெகுநேரம். பிறகு பார்வையை எடுக்காமலேயே வெளியே குரல் கொடுத்தான்.

"இங்க யாரும் இல்ல. நீ வா."

அவள் தயங்கித் தயங்கி வந்தாள். அறையைச் சுற்றிப் பார்த்தாள். "ச்சே, பயந்தே போயிட்டேன்" என்று சிரித்தாள். கழற்றிய ஈரக் கோட்டை அவன் உட்கார்ந்திருந்த நாற்காலியின் மேல், அவன் மடியின் மேல், போட்டுவிட்டு அடுப்பு மூட்டப் போனாள்.