அண்ணி விட்ட தண்ணீர்

"இது என்ன?"

வேரோடு பிடுங்கிய மிளகாய்ச் செடியை அடுப்படி வாசலில் வீசினான் கணவன். இலைகள் கருகிச் சுருண்டிருந்தன. பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த மூத்த மருமகள் பெரியவள் நிமிரவில்லை.

"கிணத்துல ஒரு நாள் விட்டு ஒரு நாள் நம்ம முறை. தண்ணி கட்டினேன், கட்டினேன்னு சொன்னியே... எங்கடி கட்டினே?"

சொந்த நிலம் மட்டுமே சோறு போட்ட காலம் போய், பகலெல்லாம் அடுத்தவர் வயலில் டிராக்டர் ஓட்டுகிறவன் அவன். மிளகாய் அவள் பொறுப்பு.

"பதில் வருதா பாரு," என்றாள் மாமியார் கூடத்திலிருந்து. "இந்த வருஷ வெள்ளாமையையே கொன்னுட்டு, கல்லு மாதிரி உக்காந்திருக்கா."

"அவங்களைக் கேக்காதே. என்னைக் கேளுண்ணே."

கொல்லைக் கதவில் கணவனின் தம்பி! பாகம் பிரிந்ததிலிருந்து இந்தப் படி மிதிக்காதவன்.

"உன்னை யாருடா கூப்பிட்டா?"

"அந்தத் தண்ணியெல்லாம் என் நாத்துக்கு வந்துச்சு. உங்க முறையையும் அண்ணிதான் எனக்குத் திருப்பி விட்டாங்க."

கணவன் விக்கித்துப்போனான். தம்பி மிளகாயைக் கைவிட்டு, நிழல்வலைப் பந்தலில் பிளாஸ்டிக் தட்டுகளில் நாற்று வளர்த்து விற்பதைப் 'பொம்மை விவசாயம்' என்று ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தவன் அவன்.

"நாத்துக்கு தினமும் தண்ணி வேணும். முதல்ல போட்டது கருகிடுச்சு. உன்கிட்ட வந்து கேக்க ரோஷம் விடல. பாகத்தை வித்துடலாம்னு செங்கல் சூளைக்காரனை வரச் சொல்லிட்டேன். அது அண்ணி காதுக்குப் போயிடுச்சு."

"வித்துட்டுப் போயேன்டா. எனக்கென்ன வந்துச்சு?"

"கிணறு தம்பி பாகத்துல இருக்கு." பெரியவள் முதல் தடவையாக வாய் திறந்தாள். "மிளகாய் போனா ஒரு வருஷம் போச்சு. கிணறு போனா...?"

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லியிருந்தா விட்டிருப்பீங்களா?"

மருமகள் முகத்தைப் பார்க்க மாட்டாமல் மாமியார் தலையைக் குனிந்துகொண்டாள்.

"நேத்துதான் நாத்து முழுக்க வித்துச்சு," என்றான் தம்பி. "சூளைக்காரனை வேணாம்னுட்டேன். அதைச் சொல்லிட்டுப் போகத்தான் வந்தேன்."

அவன் திரும்பினான். அண்ணன் அவன் பின்னால் இரண்டு எட்டு வைத்தான்.

"டேய்... உன் பந்தல்ல ஆள் வேணுமா?"

"ஆள் வேணாம்ணே." தம்பி அவன் கையைப் பிடித்துக்கொண்டான். "அண்ணன்தான் வேணும்."

அத்தனை ஏச்சுக்கும் அசையாத பெரியவள் அப்போதுதான் உடைந்து அழுதாள். அழாதே என்று சொல்ல வந்த கணவன், ஈரத்தரையென்றும் பாராமல் அவள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டான்.