ஏழாம் எண்ணில் தட்டும் சத்தம்

கிட்ட வாருங்கள், என் கண்ணுகளா. கதவோரம் இருப்பவர்களும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். இந்தக் கதையில் பயம் இருக்கிறது. பக்கத்தில் ஒரு தோள் இருந்தால் நல்லது. ஒரு படம் காணாமல் போன கதை சொல்லப்போகிறேன். காணாமல் போன பிறகும் இருபது நாள் அது எல்லார் கண்முன்னாலும் இருந்த கதை. அதெப்படி என்கிறீர்களா? பொறுங்கள், சொல்கிறேன்.

காலை 10.40.

பல்கலைக்கழகத்துக் கலைக்கூடத்தின் மூன்றாம் அறையில் ஒரு சக்கர நாற்காலி நின்றது. அதைத் தள்ளி வந்தவள் வாசல் மேசைக்காரி. வருகிறவர்களுக்கு ஹெட்போனும் கைக்கருவியும் கொடுப்பது அவள் வேலை. படத்தின் எண்ணை அமுக்கினால் கருவி அதன் கதையைக் காதில் சொல்லும். மாணவர்கள் அவளுக்கு வைத்த பெயர் ஹெட்போன் அக்கா.

நாற்காலியில் இருந்த கிழவியம்மாதான் ஏழாம் எண் படத்தின் சொந்தக்காரி. கண்காட்சிக்கு இரவல் கொடுத்தவர். இடுப்பு ஒடிந்து கிடந்தவர், இனி எழுந்து வரமாட்டார் என்றுதான் எல்லாரும் நினைத்திருந்தார்கள்.

கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு நோட்டுப் புத்தகம் அளவில் அந்தப் படம். வெள்ளைத் தட்டில் ஆறு ஆப்பிள்கள். ஐந்து சிவப்பு, ஓரத்தில் ஒன்று பச்சை.

கிழவியம்மா மூக்கு கண்ணாடியில் முட்டுமளவு குனிந்தார். வெகுநேரம் நிமிரவில்லை.

"இது என் படம் இல்லம்மா."

"என்னம்மா சொல்றீங்க?"

"என் தட்டுல அஞ்சு ஆப்பிள்தான். ஆறாவது நான் வெச்ச சூடு. எங்க வீட்டுல இது கதவுக்கு மேல உசரத்துல மாட்டியிருந்துச்சு. எட்டு வயசுல நாற்காலி போட்டு ஏறி, விளக்கைக் காட்டிப் பார்த்தேன். படத்துணி கருகி, தவளைத் தோல் மாதிரி பொங்கிடுச்சு. அப்பா அடிச்ச அடி இன்னும் முதுகுல இருக்கு. கீழே இருந்து பார்த்தாலும் சரி, பழைய கறுப்பு வெள்ளை போட்டோல பார்த்தாலும் சரி, அதுவும் ஒரு பழமாத்தான் தெரியும். கிட்டப் போனவங்களுக்குத்தான் அது சூடுன்னு புரியும்."

ஹெட்போன் அக்கா நாற்காலியின் கைப்பிடியை இறுகப் பிடித்தாள். ஏனென்றால் அந்தப் பெட்டியின் ஒரே சாவி தொங்கியது அவளுடைய தம்பியின் இடுப்பில்.

காலை 11.20.

காவலர் ஓய்வறை. இன்ஸ்பெக்டர் ஒரு பெண், அதிகம் பேசாதவர். எதிரில் தம்பிக்காரன். ஆறடி உயரத்துக்காக அவனை நெட்டையன் என்பார்கள். இப்போது அந்த ஆறடியும் நாற்காலிக்குள் சுருங்கியிருந்தது.

"சாவி யார்கிட்ட?"

"என்கிட்ட, மேடம்."

"எப்பலேர்ந்து?"

"இருபது நாளா. தச்சர் கண்காட்சி மேடையை முடிச்சுட்டுப் போன அன்னைக்கு சாயங்காலம், காப்பாட்சியர் சார் படத்தை வெச்சுப் பூட்டி என் கையில கொடுத்தாரு."

"மாத்துச் சாவி?"

"இல்ல."

"பெட்டியில ஒரு கீறல்கூட இல்ல. அப்போ தெறந்தது யாரு?"

மேசைமேல் அவன் போன் நடுங்கி நடுங்கி ஒளிர்ந்தது.

"என் பொண்டாட்டி பிரசவ வார்டுல இருக்கா, மேடம். ஒரு நிமிஷம்…"

"அப்புறம்."

அடுத்து காப்பாட்சியர். கண்காட்சி முழுவதும் அவர் பொறுப்பு. கருவிகளில் பேசும் குரலும் அவருடையதுதான். வெண்ணெய் போல வழுக்கும் குரல். தம்பிக்கு இந்த வேலையை வாங்கிக் கொடுத்ததே அவர்தான்.

"படம் வந்தப்போ பார்த்தது நீங்களா?"

"நானேதான். அசல்னு கையெழுத்துப் போட்டு வாங்கினேன். மூணு நாள் என் ரூம்லயே இருந்துச்சு."

"அதுக்கு முன்னாடி பார்த்திருக்கீங்களா?"

"அம்மா வீட்டுல, தூரத்துலேர்ந்து. அப்புறம் அவங்க கொடுத்த பழைய போட்டோல." பெருமூச்சு விட்டார். "நல்ல பையன்னு நம்பினேன் மேடம். சாவி கைமாறின பிறகு என்ன நடந்துச்சோ."

இன்ஸ்பெக்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "ஒரு மணிக்கு வண்டி வரும். பையனைக் கூட்டிட்டுப் போறோம்."

கதவிடுக்கில் நின்ற அக்காவைத் தம்பி பார்த்தான்.

"அக்கா, நான் எடுக்கலக்கா."

"எனக்குத் தெரியாதாடா? வாயை மூடிட்டு தண்ணியைக் குடி."

அதட்டினாள். தாய் போன நாளிலிருந்து அவனுக்குத் தலைவாரி விட்ட கைகள் அவளுடையவை. எங்கே வைப்பதென்று தெரியாமல் புடவையைக் கசக்கிக்கொண்டிருந்தன.

காலை 11.50.

மேசைக்குத் திரும்பியவள் முன்னால் காப்பாட்சியர் வந்து நின்றார்.

"அக்கா, எல்லாக் கருவியையும் என் ரூமுக்குக் கொண்டாங்க. ஏழாம் நம்பர்ல அந்தத் தட்டுற சத்தம் இருக்கே, அதை இன்னைக்கே அழிச்சுட்டு வேற பேசிடறேன்."

"சரி சார்."

அவர் நகர்ந்ததும் அவளுக்குச் சந்தேகம் தட்டியது. ஏனென்று கேளுங்கள். இருபது நாளாக வருகிறவர்கள் சொல்லிக்கொண்டுதான் இருந்தார்கள். ஏழாம் எண்ணில் காதுக்குள் யாரோ கதவைத் தட்டுகிறார்களாம். ஒரு மாணவி அலறியடித்து ஓடி வந்து, "அக்கா, இதுக்குள்ள பேய் இருக்கு" என்று கருவியை மேசைமேல் போட்டாள். "பேய் இருந்தா டிக்கெட் வாங்கிட்டுதான் உள்ள போயிருக்கும், போம்மா" என்று சிரித்து அனுப்பினாள் அக்கா. கருவிதான் கோளாறு என்று அவள் மின்கலத்தை மாற்றிப் பார்த்தாள், வயரை மாற்றிப் பார்த்தாள். மூன்று முறை சாரிடம் சொன்னாள். "இருக்கட்டும், விடுங்க" என்றார் அவர். இருபது நாள் 'இருக்கட்டும்' என்றவருக்கு, கலைக்கூடத்துக்குள் போலீஸ் நிற்கும் நேரத்தில் ஏன் இந்த அவசரம்?

கருவிகளை அடுக்கும் தட்டில் முப்பது குழிகள். இருபத்தொன்பது கருவிகளைக் கொண்டுபோய் வைத்தாள். ஒன்று அவள் கைப்பைக்குள்.

"ஒண்ணு குறையுதே?"

"ஒரு பொண்ணு வெச்சிருக்கு சார். உள்ள சுத்திட்டிருக்கு."

"தேடிக் கொண்டாங்க." அவர் சிரித்தார். கண்கள் மட்டும் சிரிக்கவில்லை.

பகல் 12.15.

மூன்றாம் அறையை மூடி வைத்திருந்தார்கள். பக்கக் கதவால் நுழைந்தாள். ஆள் இல்லை. அவள் செருப்புச் சத்தமே அவளைத் துரத்தியது. ஹெட்போனை மாட்டி ஏழை அமுக்கினாள்.

"வணக்கம். இந்தப் படத்தை என் மேசைமேல் வைத்து, அதன் முன்னால் உட்கார்ந்துதான் உங்களோடு பேசுகிறேன். இன்னும் கொஞ்சம் கிட்ட வாருங்கள்…"

டொக். டொக். டொக்.

திரும்பிப் பார்த்தாள். யாரும் இல்லை. கண்ணை இறுக மூடிக்கொண்டு மறுபடி கேட்டாள். டொக், டொக், டொக். சின்ன இடைவெளி. பலகை ஒன்று விழும் ஓசை. வெகு தூரத்தில் ஒரு குரல்: "மெதுவா, மெதுவா…"

அட! இது பேயுமில்லை, பேயின் பாட்டியுமில்லை. தச்சர்! பலகை விழும்போதெல்லாம் அதனிடம் 'மெதுவா' என்று கெஞ்சுகிற அந்த மனுஷனுக்கு எத்தனை நாள் டீ கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறாள்!

காதில் குரல் தொடர்ந்தது. "தட்டில் ஆறு ஆப்பிள்கள். ஐந்து சிவப்பு. ஆறாவது மட்டும் பச்சை, இன்னும் பழுக்காத காய்…"

அவள் கண்ணைத் திறந்து, பெட்டிக்குள் இருந்த பச்சை ஆப்பிளைப் பார்த்தாள். சரியாக அந்த நொடியில் அதே குரல், காதுக்கு வெளியே, முதுகுக்குப் பின்னால் கேட்டது.

"கருவி கிடைச்சிடுச்சா, அக்கா?"

காப்பாட்சியர் முன்கதவால் உள்ளே வந்து அதைச் சாத்தினார். தாழ் விழும் சத்தம் கேட்டது. கையை நீட்டிக்கொண்டு ஒவ்வொரு அடியாக வந்தார்.

"கொடுத்துடுங்க. உங்க தம்பிக்கு நல்ல வக்கீலா நானே பார்க்கறேன்."

கத்த வேண்டும் என்று நினைத்தாள். மூடிய கதவுக்கு வெளியே தன் குரல் எட்டுமா? ஆனால் கை தன் வேலையை மறக்கவில்லை. ஹெட்போன் வயரைப் பிடுங்கினால் கருவி வெளியே பேசும் என்பது தினமும் முப்பது கருவிகளைத் துடைத்து வைக்கிறவளுக்குத் தெரியாதா? வயரை வெடுக்கென்று உருவினாள். ஒலியை முழுக்க ஏற்றினாள்.

"ஆறாவது மட்டும் பச்சை!" என்று அவர் குரலே அறை அதிர முழங்கியது. டொக்! டொக்! டொக்!

அவர் பாய்ந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தார். அவள் விடவில்லை. முழக்கம் கேட்டு யாரோ பக்கக் கதவைத் திறந்தார்கள். இன்ஸ்பெக்டர்.

"கையை எடுங்க, சார்."

பகல் 12.35.

இன்ஸ்பெக்டர், தம்பி, சக்கர நாற்காலியில் கிழவியம்மா, எல்லாரும் பெட்டியைச் சுற்றி நின்றார்கள். அக்கா முன்னால் வந்தாள். பேசப் பேசக் குரல் திடமானது.

"திருடினது என் தம்பி இல்ல மேடம். இவர்தான். இந்தப் பேச்சை எப்போ பதிவு செஞ்சாருன்னு கேளுங்க."

"சார்?"

"படத்தைப் பூட்டி வெச்ச பிறகு. அன்னைக்கு ராத்திரி."

"அப்போ சுத்தியல் அடிச்சது யாரு?" என்றாள் அக்கா. "உள்ள கேட்கறது தச்சரோட தட்டல். வாசல் நோட்டுல அவர் கையெழுத்து இருக்கு. கடைசி நாள் பகல் ஒரு மணிக்கு வெளியே போனவர், அப்புறம் வரவே இல்ல. என் தம்பி கைக்குச் சாவி வந்தது அன்னைக்கு சாயங்காலம். அதுக்கு முன்னாடியே, இவர் ரூம்ல, இவர் மேசைமேல, பச்சை ஆப்பிள் இருந்திருக்கு. அம்மாவோட படத்துல ஏது பச்சை ஆப்பிள்? அங்க இருக்கறது கருகின சூடு."

காப்பாட்சியர் உதட்டை நனைத்துக்கொண்டார். "நான்… போட்டோவைப் பார்த்துப் பேசினேன். போட்டோல ஆறு பழம் மாதிரிதான் தெரியும்."

இன்ஸ்பெக்டர் கிழவியம்மாவைப் பார்த்தார். கிழவியம்மா சிரித்தேவிட்டார்.

"அது கறுப்பு வெள்ளை போட்டோ, தம்பி. அதுல பச்சையை எங்க பார்த்தே?"

காப்பாட்சியர் மெல்லத் தரையில் உட்கார்ந்தார்.

அந்தப் போட்டோவை ஒரு ஓவியனிடம் கொடுத்து, நிறங்களைத் தான் சொல்லி நகல் செய்திருக்கிறார். போட்டோவில் தெரிந்த சூட்டை ஆறாவது பழம் என்று நினைத்த ஓவியன், தன் ரசனைக்கு அதற்குப் பச்சை அடித்துவிட்டான். அசல் வந்த அன்றே அதைக் கட்டுப் பிரிக்காமல் வீட்டுக்குக் கொண்டுபோய் அலமாரிக்குப் பின்னால் செருகினார் காப்பாட்சியர். வாங்குகிறவன் வரும்வரை அதைத் தொடவே பயம். ஒரே ஒரு தடவை பிரித்துப் பார்த்திருந்தால் ஐந்து எது, ஆறு எது என்று தெரிந்திருக்கும். இன்று கிழவியம்மா சொன்ன பிறகுதான் தன் வாயே தனக்கு எதிராக முப்பது கருவிகளில் பேசிக்கொண்டிருப்பது அவருக்கு உறைத்தது.

பகல் 1.00.

வண்டி வந்தது. ஏறியவர் வேறு ஆள்.

இன்ஸ்பெக்டர் போனை நெட்டையனிடம் நீட்டினார். "எட்டுத் தடவை அடிச்சிருக்கு. பேசுப்பா."

அவன் பொத்தானைத் தேடித் தேடி வேறெதையோ அமுக்கினான். அக்கா வாங்கி அமுக்கிக் காதில் வைத்தாள். இருபது நாளாக மற்றவர் காதுக்குக் குரல் கொடுத்தவள், இப்போது தன் காதில் ஒரு குரலைக் கேட்டாள். வார்த்தை இல்லாத, புத்தம்புதுக் குரல். வீறிட்டு அழுதது.

"என்னக்கா? என்ன சொல்றாங்க?"

"உன்னை மாதிரியே கத்துதுடா, நெட்டையா," என்றாள். போனை அவன் காதில் வைத்து, அது விழுந்துவிடாமல் தானே பிடித்துக்கொண்டு நின்றாள்.

அவ்வளவுதான், என் செல்லங்களா. பயப்பட்டது போதும், தோளை விடுங்கள். உங்கள் வீட்டுக் கதவை யார் தட்டினாலும் அது நல்ல சேதியாகவே இருக்கட்டும். கூடப் பிறந்தவர்கள் உங்களைக் கைவிடாமல் இருக்கட்டும். உங்கள் வீட்டில் கேட்கிற அழுகையெல்லாம் தொட்டிலிலிருந்து வருவதாகவே இருக்கட்டும்.