பேரரசரும் சுருட்டையின் பையும்

"பையைக் காட்டு!" என்று அதட்டினார் அருங்காட்சியக வழிகாட்டி.

சுருட்டைக்கு அழுகை வந்தால் வாய் பூட்டிக்கொள்ளும். இல்லை என்று தலையை மட்டும் ஆட்டினாள். அவரோ பையைப் பிடுங்கித் தலைகீழாகக் கவிழ்த்தார். பென்சில்கள், கசங்கிய கைக்குட்டை, பாதி கடித்த பிஸ்கட் எல்லாம் வகுப்பின் முன்னால் உருண்டன. காணாமல் போன ரோமானிய வெள்ளிக் காசு மட்டும் இல்லை.

அவளுடைய தோழி பட்டாசுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்தப் பட்டப்பெயர் அவளுக்குச் சும்மா வரவில்லை.

"அவ பையை மட்டும் ஏன் சார் கொட்டினீங்க?"

"கடைசியாத் தொட்டது அவதான்."

"தொட்டா எடுத்ததா ஆயிடுமா? நாங்க எல்லாரும்தான் தொட்டோம்!"

"மெதுவாப் பேசும்மா," என்றார் டீச்சர்.

"மெதுவாப் பேசினா யாரும் கேக்க மாட்டேங்கிறாங்க டீச்சர்!"

ஆளுக்கொரு களிமண் வில்லை கொடுத்து, காசை அழுத்தி அச்சு எடுக்கச் சொன்னவரே அந்த வழிகாட்டிதான். "எல்லாத்தையும் தட்டுல வை" என்று கடைசியாகச் சுருட்டையிடம் சொன்னவரும் அவர்தான். அவள் வில்லைகளையும் காசையும் வைத்ததும், அவற்றின்மேல் இன்னொரு தட்டை அடுக்கியவரும் அவரேதான்!

பட்டாசு விறுவிறுவென்று மேல்தட்டை நகர்த்தினாள். கீழே வரிசையாகக் களிமண் பேரரசர்கள். எல்லாருக்கும் தலையில் இலைக் கிரீடம், கொக்கி மூக்கு.

"அதெல்லாம் வெறும் அச்சு. நான் பார்த்துட்டேன்," என்றார் வழிகாட்டி.

"சரியாப் பாக்கல சார். காசுல ராஜா வலப்பக்கம் பார்த்தாரு. அச்சுல திரும்பி இடப்பக்கம் பாக்குறாரு. இவர் மட்டும் ஏன் வலப்பக்கம் பாக்குறாரு?"

அந்த ஒரு வில்லையை நகத்தால் சுரண்டினாள். எல்லாரும் அழுத்தியதில் ஒட்டியிருந்த களிமண் பூச்சு உதிர்ந்து, பேரரசரின் மூக்கு பளிச்சென்று மின்னியது! மேல்தட்டின் கனத்தில் காசு அப்படியே வில்லைக்குள் புதைந்திருந்தது.

வழிகாட்டியின் முகம் சிவந்தது. "தப்பா நினைச்சுட்டேன். மன்னிச்சிடும்மா."

"என்கிட்ட ஏன் சார் சொல்றீங்க? அவகிட்ட சொல்லுங்க. பையைக் கொட்டினது யாரு?"

அவர் சுருட்டையிடம் திரும்பி மன்னிப்புக் கேட்டார். பிறகு தரையில் மண்டியிட்டு, ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் பைக்குள் வைத்தார்.

சுருட்டை கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பூட்டிய வாய் திறந்தது.

"மேசைக்கு அடியில இன்னொரு பென்சில் இருக்கு சார்."