செத்த லைன்

மூன்றாம் நம்பர் ஃபீடர் லைனை ஆஃப் செய்து வெகுநேரம் ஆகியும் அந்த ரீங்காரம் அடங்கவில்லை. ஸ்விட்சைத் திருப்பியாயிற்று, சிவப்பு அணைந்து பச்சை விளக்கு வந்தாயிற்று, ஆம்பியர் முள் பூஜ்யத்தில் படுத்துவிட்டது, 'ஆட்கள் வேலை செய்கிறார்கள், இயக்காதே' என்ற தகரப் பலகையும் பேனலில் தொங்குகிறது. ஆனாலும் பேனலுக்குள் ஒரு சத்தம், மூடி போட்ட பாத்திரத்தில் வண்டு மாட்டிக்கொண்ட மாதிரி. ஆபரேட்டர் சகாயராணி பேனல் கதவில் காதை வைத்துப் பார்த்தாள். வைத்தால் கேட்கவில்லை. நாற்காலியில் வந்து உட்கார்ந்தால் கேட்டது.

ஸ்ரீரங்கத்துக்கு மாதம் ஒரு நாள் ஷட்டவுன். மரக்கிளை வெட்டுவார்கள், தொய்ந்த கம்பியை இழுத்துக் கட்டுவார்கள். இந்த நிறுத்தத்துக்குத்தான் எத்தனை பெயர்! ஊர்க்காரர்களுக்கு 'கரண்ட் போச்சு'. ஆபீஸ் கடிதத்தில் 'மின் நிறுத்தம்'. கம்பம் ஏறுகிறவர்களுக்கு மட்டும் 'லைன் செத்துருச்சு'. செத்த லைன் என்றால் தொடலாம், தோளில் போட்டுக்கொள்ளலாம், மடியில் வைத்து முடிச்சுப் போடலாம். எட்டு மாதமாகக் கொள்ளிடக் கரையோரத்து இந்தச் சின்ன துணைமின் நிலையத்தில் யாரும் அந்த வார்த்தையை வாயில் எடுப்பதில்லை. 'நின்னுருச்சு' என்கிறார்கள். ஆமாம், வார்த்தையை மாற்றிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் பாருங்கள்!

அப்போது இந்த லைனிலேயே கரண்ட் பாய்ந்து போனவர் பிச்சைமுத்து. முசிறிப் பக்கத்து ஆள், இருபத்தாறு வருஷம் கம்பம் ஏறியவர். வேலைக்குப் போகிறவர் ஆபரேட்டரிடம் லைனைக் கேட்டு வாங்க வேண்டும். முடிந்ததும் வாங்கியவரே வந்து ரிஜிஸ்தரில் கையெழுத்துப் போட்டுத் திருப்பித் தர வேண்டும். அடுத்தவர் வாய்ப்பேச்சுக்கு லைனில் கரண்ட் விடவே கூடாது. ஆனால் வெயிலில் யார் அவ்வளவு தூரம் நடப்பது? போனில் சொல்லிவிட்டு, சாயங்காலம் வந்து கையெழுத்துப் போடுவதே இங்கே பழகிப்போயிருந்தது. அன்றைக்குப் பிச்சைமுத்துவின் போனிலிருந்து, கூட வேலை செய்த காத்தமுத்துதான் பேசினான். "அண்ணன் எறங்கிட்டாருக்கா, விட்டுருங்க." இறங்கியது உண்மைதான். ஒரு போல்ட்டை முடுக்க மறந்தேன் என்று மறுபடி ஏறியிருந்தார். சகாயராணி ஸ்விட்சைத் திருப்பிவிட்டாள்.

அதற்கப்புறம் அவள் செய்ததுதான் யாருக்கும் தெரியாது. விசாரணைக்கு ஆட்கள் வருவதற்குள், ரிஜிஸ்தரில் காலியாக இருந்த கட்டத்தில் அவளே அவர் பெயரை எழுதினாள். கடைசி 'து'வின் வாலை அவரைப் போலவே இழுத்து. லைனைத் திருப்பிக் கொடுத்துவிட்டுத் திரும்ப ஏறியது அவர் தப்பு என்று விசாரணை முடிந்தது. அவர் மனைவி அமிர்தம் ஒரு நாள் கேட்டுக்கு வெளியே வந்து நின்றாள். "அவரு அப்படிச் செய்யிற ஆளு இல்லம்மா," என்றாள். "ரிஜிஸ்தர்ல இருக்கே," என்றாள் சகாயராணி. அந்தம்மாள் பஸ் ஸ்டாப்பைப் பார்த்து நடந்துபோனாள்.

அழுகை வரவில்லை. அதுதான் கொடுமை. பசித்தது, சாப்பிட்டாள். படுத்தால் தூக்கம் வந்தது. மாதா கோயிலில் முட்டி போட்டால் முட்டி மட்டும்தான் வலித்தது. லைன்மேன்களின் முகத்தைப் பார்ப்பதை மட்டும் விட்டுவிட்டாள். கையைப் பார்த்துப் பேசுவாள், பூட்ஸைப் பார்த்துப் பேசுவாள். இன்னொன்றும் செய்தாள். ஆகாயமே இடிந்தாலும், நேரில் வந்து கையெழுத்துப் போடாமல் இனி யாருக்கும் கரண்ட் விடுவதில்லை என்று முடிவெடுத்தாள்.

இன்று லைனை வாங்கியிருப்பவன் காத்தமுத்து. காம்பவுண்டுக்கு வெளியே இரட்டைக் கம்பத்தில், வேலை அவன் தலைமையில். ஜன்னல் வழியே அவனுடைய சிவப்பு ஹெல்மெட் தெரிந்தது. காலையில் பேனாவை மூடிக்கொண்டே கேட்டான். "நான் வந்து சொன்னாத்தானக்கா?"

"நீ வந்து கையெழுத்துப் போட்டாத்தான்."

"மறந்துறாதீங்க. ரெண்டு பொண்ணு இருக்குக்கா எனக்கு."

பன்னிரண்டரைக்கு மேலதிகாரி ஏ.ஈ. ரெங்கராஜ் போன் செய்தார். "என்னம்மா, நேரமாவுதே. சன்னதித் தெருவுலேர்ந்து ஒரே போனு. சீக்கிரம் விடப் பாருங்க."

"ஆள் வரட்டும் சார்," என்று வைத்துவிட்டாள். உடனே காத்தமுத்துவைக் கூப்பிட்டுக் கேட்டாள். மேலேதான் இருந்தான், காற்று இரைந்தது. "இன்னும் அரை மணி ஆவும்க்கா."

வெயில் ஜல்லிக்கல் பரப்பின்மேல் வெள்ளையாகக் கிடந்தது. பக்கத்து அறையின் பேட்டரி அமில நெடியோடு வேறொரு வாசனை, தேங்காய் ஓட்டைத் தணலில் போட்டது போன்ற ஒன்று, கதவிடுக்கு வழியாக மெல்ல ஏறி மேஜையில், ரிஜிஸ்தர் தாளில், அவள் புடவை முந்தானையில் ஒட்டிக்கொண்டது. முந்தானையை முகர்ந்து பார்த்தாள். யாரோ சமைக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டாள். இந்தக் காம்பவுண்டுக்குள் யார் சமைப்பார்கள்? அந்தக் கேள்வி வந்தது, நின்றது, போய்விட்டது. எட்டு மாதமாக எல்லாமே அவளுக்குள் அப்படித்தான் வந்து போய்க்கொண்டிருந்தன.

கால்மணி நேரம்கூட ஆகியிருக்காது. ஜல்லியில் காலடிச் சத்தம். சரக், சரக். கேட் பக்கமிருந்து வரவில்லை. யார்டின் உள்பக்கமிருந்து வந்தது. அந்தப் பக்கம் கரண்ட் ஓடும் கம்பிகள்தான் உண்டு, மனிதர் நடக்க வழி கிடையாது. அதையும் அவள் கவனித்தாள். கவனித்ததோடு சரி.

ரீங்காரம் நின்றது.

வாசலில் நிழல் விழுந்தது. பூட்ஸ் உள்ளே வந்தது. ரப்பர் கையுறை. முகத்தில் துண்டு சுற்றியிருப்பது ஓரக்கண்ணில் தெரிந்தது. அவள் தலையை நிமிர்த்தவில்லை.

"முடிஞ்சிருச்சா?"

"முடிஞ்சிருச்சு."

"எல்லாரும் எறங்கியாச்சா?"

"எறங்கியாச்சு."

தூசி குடித்த கரகரத்த குரல். வெயிலில் நின்ற எவனுக்கும் தொண்டை அப்படித்தான் இருக்கும். ரிஜிஸ்தரைத் திருப்பி வைத்தாள், கட்டத்தைக் காட்டினாள். கையுறை பேனாவை எடுத்தது. நிப் தாளில் உரசும் சத்தம் கேட்டது. நிதானமாக, எழுத்து எழுத்தாக. நேரில் வந்தாயிற்று. கையெழுத்துப் போட்டாயிற்று. இந்தத் தடவை எல்லாம் முறைப்படி. எட்டு மாதத்தில் முதல்முறையாக நெஞ்சில் ஏதோ இளகியது.

எழுந்தாள். பலகையைக் கழற்றினாள். ஸ்விட்சைத் திருப்பினாள்.

யார்டில் 'டம்' என்றது. பச்சை போய்ச் சிவப்பு வந்தது. முள் எழுந்தது. நிற்க வேண்டிய இடத்தில் நிற்கவில்லை. கடைசிவரை ஓடி, அங்கேயே நடுங்கியது.

வெளியே ஒரு அலறல். பாதியில் அறுந்தது.

ரிஜிஸ்தரைப் பார்த்தாள். கட்டம் காலி.

ஜன்னலைப் பார்த்தாள். கம்பத்தின் உச்சியில் சிவப்பு ஹெல்மெட். பெல்ட்டில் தொங்கியது. புகை.

"கடவுளே... காத்தமுத்து!" ஸ்விட்சைப் பிடித்துத் திருகினாள். திரும்பவில்லை. இரண்டு கையாலும் திருகினாள். உள்ளங்கை கிழிந்தது. திரும்பவில்லை. போன் அடித்தது. கீழே நின்றவர்கள் கத்தினார்கள். முள் அதே இடத்தில்.

பின்னால் நாற்காலி இழுபட்டது.

மெதுவாகத் திரும்பினாள். முகத்தைப் பார்த்தாள். துண்டு அவிழ்ந்திருந்தது. முசிறிப் பக்கத்து முகம். கோபம் இல்லை அதில். மதியச் சாப்பாட்டுக்கு வந்து உட்கார்ந்தவர் போல உட்கார்ந்திருந்தார். தேங்காய் ஓட்டு வாசனை அவரிடமிருந்துதான் வந்தது.

"பதறாதீங்கம்மா," என்றார் பிச்சைமுத்து. "விசாரணைக்கு வர இன்னும் நேரம் இருக்கு."

பேனாவை அவள் பக்கம் நீட்டினார்.

"எனக்கு எழுதுனீங்கள்ல. இவனுக்கும் நீங்களே எழுதிருங்க."

அவள் கத்த வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை. கை மட்டும் நீண்டது. பேனாவை வாங்கியது. போன் அடித்து ஓய்ந்து மறுபடி அடித்தது. சகாயராணி உட்கார்ந்தாள், கிழிந்த உள்ளங்கையின் ரத்தம் தாளில் படாதபடி மணிக்கட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, காத்தமுத்துவின் பெயரை அவனைப் போலவே இடதுபுறம் சாய்த்து எழுதத் தொடங்கினாள். எழுத்துச் சரியாக வருகிறதா என்று பிச்சைமுத்து அவள் தோளுக்கு மேலே குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.