மேகத்துக்குக் கீழே ஒரு பிணம்

டெலிபோன் அலறியது!

காலை பதினோரு மணி. வனத்துறைத் தலைமை அலுவலகம். மூன்றாவது மாடி, வரைபட அறை.

அவள் உடனே எடுக்கவில்லை. சாட்டிலைட் படத்தில் தொட்ட கட்டத்தைச் சரிபார்த்து முடிக்காமல் எதையும் எடுக்க மாட்டாள். அதனால்தான் அலுவலகத்தில் அவளுக்குப் 'பூதக்கண்ணாடி' என்று பெயர்.

ஏழாவது தடவை மணி அடித்தபோது எடுத்தாள்.

"டைரக்டர் பேசறேன். மனசைத் திடப்படுத்திக்கம்மா... உங்க அண்ணன்..."

"அண்ணனுக்கு என்ன சார்?"

"பதினாலாம் பிளாக்ல ரோந்து போனப்ப, காத்துல ஒரு மரம் சாஞ்சு மேல விழுந்துடுச்சாம். அந்த இடத்துலயே..."

ரிசீவர் கையிலிருந்து நழுவியது.

அண்ணன்! அந்தப் பிளாக்கின் வனக்காவலர். வெள்ளிக்கிழமை தவறாமல் போன் பண்ணுகிறவன். போன வெள்ளியும் பண்ணினான்.

"பாப்பா, உன் மேப்புல இங்க பச்சையா இருக்குன்றாங்க. இங்க நான் ஒதுங்கி நிக்க ஒரு நிழல் இல்லடி!"

"நீ வேற எடத்துல நிக்கறேண்ணா. சாட்டிலைட் பொய் சொல்லாது."

"சாட்டிலைட் சொல்லாது. ஆபீஸ் சொல்லும்ல? போட்டோ எடுத்து வச்சிருக்கேன். திங்கக்கிழமை எடுத்துட்டு வர்றேன். பெரிய எடத்துல காட்டணும்."

"சாப்பிட்டியாண்ணா?" என்று பேச்சை மாற்றினாள் அவள். ஒரு வருடமாக அப்படித்தான் மாற்றிக்கொண்டிருந்தாள்.

இன்று திங்கட்கிழமை.

*ஒதுங்க நிழல் இல்லாத இடத்தில் மரம் எப்படி விழும்?*

கம்ப்யூட்டரில் பதினாலாம் பிளாக்கைத் திறந்தாள்.

பச்சை. அப்பழுக்கில்லாத பச்சை! வறட்சியைத் தாங்கும் காடு என்று டைரக்டர் நாடு நாடாகப் போய்க் காட்டும் அதே பச்சை.

சாட்டிலைட் ஐந்து நாளைக்கு ஒருமுறை படம் எடுக்கும். மேகம் மறைத்த இடத்தில் மட்டும், கடைசியாகத் தெளிவாகக் கிடைத்த பழைய படத்தை எடுத்து ஒட்டிவிடுவார்கள். அந்த விதியை எழுதியவளே அவள்தான்.

பதினாலாம் பிளாக்கில் மேகம் எத்தனை நாள்?

பார்த்தாள்.

தொடர்ந்து பதினான்கு மாதம்! ஒரு சொட்டு மழை பெய்யாத வருடத்தில், அந்த ஒரு பிளாக்கின் மேல் மட்டும் அசையாமல் ஒரு மேகம்!

மேகத்தின் ஓரம் நேர்கோடாக இருந்தது. கையால் வரைந்த மேகம். வரைந்தவர் பெயர் பக்கத்திலேயே இருந்தது... டைரக்டர்!

அதை நீக்கினாள். அடியில் இருந்த அசல் படம் வந்தது.

காய்ந்து, எரிந்து, சாம்பல் பூத்த நிலம். கண்ணுக்கு எட்டிய வரை ஒரு மரம் இல்லை!

---

டைரக்டர் அறையில் இன்ஸ்பெக்டர் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார். கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"இது கொலை சார்!" அவள் அசல் படத்தை மேஜையில் அறைந்தாள். "அங்க விழறதுக்கு மரமே இல்ல!"

"அப்படியா?" இன்ஸ்பெக்டர் தன் செல்போனில் இருந்த ஒரு போட்டோவைக் காட்டினார். "பாடியைப் பார்த்துட்டுதான்மா வர்றேன். மேல ஒரு மரம் கெடந்துச்சே."

பார்த்தாள். அண்ணனின் செருப்பு... அதன் மேல் ஒரு மரத்தண்டு.

கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தாள்.

"சார், இதுல வேர் எங்க? கிளை எங்க? ரெண்டு பக்கமும் ரம்பத்துல அறுத்திருக்கு! நுனியில நம்ம மரக்கிடங்கு முத்திரை வேற இருக்கு! அறுத்து, முத்திரை குத்தி, அதுக்கப்புறமா சார் காத்துல சாஞ்சுது?"

இன்ஸ்பெக்டர் மெல்லத் திரும்பினார்.

"டைரக்டர் சார்... நேத்து உங்க மரக்கிடங்கு லாரி எங்க போச்சு?"

டைரக்டரின் முகம் வெளுத்தது.

"டிரைவர்... மரத்தோட மரமா போட்டுட்டா தெரியாதுன்னு..." பாதியில் நிறுத்திக்கொண்டார்.

"ஓஹோ! அங்க ஒரு மரம்கூட இல்லைன்னு உங்களுக்குத் தெரியாதா?"

"நான் அந்தப் பக்கம் போனதே இல்லையே. எரிஞ்சதுல ஒரு மூலையாவது தப்பிச்சு நிக்கும்னு நெனச்சேன்... மேப்பைத்தான பார்ப்பேன்!"

தான் வரைந்த பொய்யைத் தானே நம்பிய மனிதர்! அவள் கைகூப்பாத குறையாக இன்ஸ்பெக்டரைப் பார்த்தாள். அவர் எழுந்தார். இடுப்பில் கைவிலங்கு குலுங்கியது...

"ஒரு நிமிஷம்." டைரக்டர் நிதானமாக டிராயரைத் திறந்தார். அச்சடித்த வரைபடம் ஒன்றை எடுத்து வைத்தார். "கோர்ட் எந்த மேப்பை ஒத்துக்கும் இன்ஸ்பெக்டர்?"

"...அரசாங்கம் அங்கீகரிச்ச மேப்பை."

"இதுதான் அது. போன வாரம் வந்தது. பதினாலாம் பிளாக்ல என்ன தெரியுது?"

"அடர்ந்த காடு."

"அப்ப மரம் விழ வாய்ப்பு இருக்கா, இல்லையா?"

"அது தப்பான மேப்!" அவள் கத்தினாள்.

"அப்படியா பூதக்கண்ணாடி? கீழே படி. 'கட்டம் கட்டமாகச் சரிபார்த்தேன்.' யார் கையெழுத்து?"

அவளுடையது.

பதினான்கு மாதங்களாக, மாதம் தவறாமல் அவளே போட்டது. கட்டங்களைத்தான் பார்த்தாள். மேகத்தைத் தூக்கிப் பார்க்க ஒருநாளும் தோன்றவில்லை. சொன்னவன் கூடப் பிறந்தவன். அவனையும் நம்பவில்லை.

"திருத்தம் போடறேன் சார்... இப்பவே போடறேன்!"

"தாராளமா. திருத்தத்துக்கு டைரக்டர் ஒப்புதல் வேணும்." சிரித்தார். "மனு குடுத்துட்டுப் போம்மா. பரிசீலிக்கிறேன்."

இன்ஸ்பெக்டர் உட்கார்ந்துவிட்டார்.

"அப்ப டிரைவர் பத்திச் சொன்னீங்களே சார்..."

"நான் என்ன சொன்னேன்? எழுதிக்கிட்டீங்களா?"

எழுதவில்லை.

---

மதியம் இரண்டு மணி. பதினாலாம் பிளாக்.

அண்ணனை ஆம்புலன்ஸில் ஏற்றிவிட்டார்கள். அவன் செல்போன் மட்டும் கிடைக்கவேயில்லை. காலடியில் சாம்பல் பறந்தது. நாலு திசையிலும் அடிவானம் வரை வெட்டவெளி.

இன்ஸ்பெக்டர் ஜீப் பானெட் மேல் பேப்பரை வைத்து எழுதினார். *மரம் விழுந்ததால் ஏற்பட்ட விபத்து.* தகரம் சுட்டது. கையை உதறினார்.

"என்னைத் தப்பா நினைக்காதேம்மா. எனக்கும் மேல ஆளு இருக்கு."

பேனாவை அவளிடம் நீட்டினார்.

"சாட்சிக் கையெழுத்து நீதான் போடணும். ச்சே, என்ன வெயில்! நின்னு எழுத ஒரு நிழல் உண்டா இங்க?"

அவள் அங்கீகரிக்கப்பட்ட வரைபடத்தை விரித்து, அவர் கையில் கொடுத்தாள்.

"இதுல ஏகப்பட்டது இருக்கு சார். போய் நின்னுக்கங்க!"