‘ம்’ கொட்டிய குரல்

மண்ணூரில் அந்த ஓட்டு வீட்டுக்குக் குடிவந்த அன்றே கனகம் கட்டிலை ஜன்னலோரம் இழுத்துப் போட்டு ரகுபதியைப் படுக்கவைத்தாள். தொழிற்சாலையில் இரும்புத் தகடு சரிந்து புருஷனின் விலா நொறுங்கியிருந்தது. பேச்சு நின்றால் உடனே தூக்கிக்கொண்டு வரச்சொல்லி ஆஸ்பத்திரியில் எச்சரித்திருந்தார்கள். பக்கத்து வீட்டுச் செல்லம்மாளின் மகனிடம் டெம்போ இருந்தது. ஒரு குரல் கொடுத்தால் வந்துவிடுவான்.

ரகுபதியைப் பேசவைக்கக் கனகத்துக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். மாத நாவல்களை வாடகைக்கு எடுத்துவந்து வாய்விட்டுப் படித்தாள். சும்மா கேட்கிற ஆளா அவன்? பக்கத்துக்குப் பக்கம் கதாசிரியரோடு மல்லுக்கு நிற்பான்.

“இவ்ளோ நல்லவன் எங்கடி கீறான்? கடைசில இவன்தான் கவுக்கப்போறான் பாரு.”

“சும்மா கெட மாமா. மூச்சு வாங்குது பாரு.”

மூச்சு வாங்கும்போது ‘ம்’ மட்டும் கொட்டுவான். அது அவளுக்குப் போதும். ‘ம்’ வருகிறவரை ஆள் விழித்திருக்கிறான் என்று அர்த்தம். தலையை நிமிர்த்திப் பார்க்க வேண்டியதில்லை.

ஒருநாள் அந்தியில் கரண்ட் போனது. சிம்னி விளக்கில் படித்துக்கொண்டிருந்தவளுக்கு இரண்டு ‘ம்’ கேட்டது.

“இன்னா மாமா, ரெண்டு வாட்டி கொட்ற?”

“நான் ஒரு வாட்டிதான் சொன்னேன்,” என்றான் மெதுவாக. “இன்னொண்ணு கட்டிலுக்கு அடியில.”

குனிந்து பார்த்தாள். ஒன்றுமில்லை. நனைந்த மண்வாசம் மட்டும் குப்பென்று வந்தது.

மறுநாள் குழாயடியில் செல்லம்மாளிடம் கேட்டாள்.

“இன்னான்னு எனக்குத் தெரியாது கண்ணு. முன்னாடி இருந்தவங்க அந்த வூட்ல சத்தமாவே பேச மாட்டாங்க,” என்று குடத்தைத் தூக்கிக்கொண்டு நகர்ந்துவிட்டாள்.

அன்று அந்திவரை கனகம் புத்தகத்தைத் தொடவில்லை. ரகுபதிதான் கெஞ்சினான். “கடைசி அத்தியாயம்தானே. அத்த மட்டும் படிச்சிடு. இதுவும் இல்லாங்காட்டி நான் எதுக்குக் கெடக்கறேன்?”

மனசு கேட்கவில்லை. பயத்தில் கண்ணைப் பக்கத்தைவிட்டு எடுக்காமல் படித்தாள்.

ஒரே ஒரு ‘ம்’தான் வந்தது.

அப்பாடா என்றிருந்தது. பக்கங்கள் ஓடின. ‘ம்’ இடம் பார்த்து விழுந்தது.

கதையில் அந்த நல்லவன் கவிழ்த்தே விட்டான். “நான் சொல்லல?” என்று ரகுபதி இப்போது குதிப்பான் என்று நிறுத்திக் காத்திருந்தாள்.

ம்.

நிமிர்ந்தாள். அவன் வாய் பாதி திறந்திருந்தது. கையைத் தொட்டாள். எப்போதோ சில்லிட்டுப் போயிருந்தது.

“மாமா.”

ம்.

கட்டிலுக்கு அடியிலிருந்து.

காரியம் முடிந்து தண்டலத்தில் அண்ணன் வீட்டுக்கு வந்துவிட்டாள். எந்தப் பக்கத்தில் அவன் பேச்சு நின்றதோ, அந்தப் பக்கத்திலேயே தலையைத் தூக்கியிருந்தால் டெம்போவில் போட்டுக்கொண்டு ஓடியிருக்கலாமே என்ற நினைப்பு அவளைத் தின்றது. புத்தகம் என்றாலே நடுங்கினாள்.

ஒரு மத்தியானம் கடலை மடித்துவந்த தாளைப் பிரித்தாள். ஏதோ தொடர்கதையின் கிழிசல். உதடு அசையவில்லை. பழக்கதோஷத்தில் கண் மட்டும் நாலு வரி ஓடியது.

ம்.

காதோரம். மண்வாசம்.

அவனாக இருந்தால் இந்நேரம் சண்டைக்கு வந்திருப்பான். ஒரு திட்டு, ஒரே ஒரு திட்டு வராதா என்று கண்ணில் நீர் முட்டக் காத்திருந்தாள். கிழிந்த இடத்தோடு கதை நின்றுபோனது.

அது மட்டும் விடாமல் ‘ம்’ கொட்டிக்கொண்டிருந்தது.